சீனி வருத்தமும் நீண்டநேர இன்சுலினும்: உங்கள் நாளுக்குப் பொருந்தும் ஊசி எது?

போன மாதம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நின்றபோது, முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்யும் தெரிந்த நானா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கிளினிக்ல தாற ஊசி பழைய ஊசியாமே தம்பி? பாமசியில 24 மணித்தியாலமும் நிக்கிற ஊசி ஒண்டு இருக்காம். கட்டார்ல இருக்கிற மகன் காசு அனுப்புறன் எண்டுறான். மாறட்டா?" என்று கேட்டார்.

நான் வைத்தியரல்ல. மருந்தாளராக இருபது வருடத்துக்கு மேல் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்பக்கம் நின்று இப்போது ஓய்வில் இருப்பவன். யன்னலுக்கு வெளியே நிற்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த அவசரத்தில் யாருக்கும் முழுப் பதில் சொல்லக் கிடைத்ததில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இது சிலருக்கு மட்டுமான விஷயமுமல்ல. 2018–19 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட இலங்கை சுகாதார மற்றும் முதுமை ஆய்வின்படி, வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு உண்டு. குளிசையில் தொடங்கும் பலர் சில வருடங்களில் ஊசிக்கு வந்து சேர்கிறார்கள்.

நானாவிடம் நான் முதலில் கேட்டது, இப்போது போடுவது எந்த ஊசி என்று. "வெள்ளை ஊசி" என்றார். இங்கேதான் முதல் சிக்கல். அரச கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கும் இன்சுலின் பொதுவாக மூன்று வகை. ஒன்று தண்ணீர் போலத் தெளிந்தது. சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகியநேர ஊசி அது. மற்ற இரண்டும் பால் போல வெள்ளையாக இருக்கும். அவற்றில் ஒன்று ஐசோபேன் எனப்படும் இடைநேர ஊசி, என்.பி.எச். என்றும் எழுதுவார்கள். மற்றது 30/70 கலவை, அதாவது 30 வீதம் குறுகியநேர இன்சுலினும் 70 வீதம் ஐசோபேனும் சேர்ந்தது. போத்தலைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வேலை செய்யும் விதம் ஒன்றல்ல. எனவே ஊசியை மாற்றுவது பற்றி யோசிப்பதற்கு முன், லேபலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை கிளினிக் கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நானா போடுவது 30/70 கலவை. காலையும் இரவும்.

கலவை ஊசியில் உள்ள அந்த 30 வீதம், போட்டு அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அதற்குள் சாப்பாடு வயிற்றில் இருக்க வேண்டும். விடிய ஆறு மணிக்கு ஊசியைப் போட்டு, ஒரு பிளேன்டீயோடு வயலுக்குப் போய், பத்து மணிக்குப் புட்டோ பழஞ்சோறோ சாப்பிடுபவருக்கு இந்த ஊசி பொருந்தாது. இது ஊசியின் குற்றமுமல்ல, அவருடைய குற்றமுமல்ல. இந்த ஊசி மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுபவருக்கென்று அமைந்தது. வன்னியில் விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் அப்படி வாழ்பவர் எத்தனை பேர்?

இனி நீண்டநேர ஊசி என்றால் என்ன என்று பார்ப்போம். நாம் சாப்பிடாவிட்டாலும், தூங்கினாலும், ஈரல் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குச் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். ஆரோக்கியமான கணையம் அதற்கேற்ப சிறிதளவு இன்சுலினை நாள் முழுக்கச் சுரக்கும். அந்த அடிப்படைச் சுரப்புக்குப் பதிலாக வெளியிலிருந்து கொடுப்பதுதான் நீண்டநேர ஊசி. அதனால் அது பிரதானமாகக் கட்டுப்படுத்துவது காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் அளவை. மத்தியானம் சோறு சாப்பிட்ட பின் ஏறும் சீனியை அது பெரிதாகக் குறைக்காது. "விலையான ஊசி போட்டும் பகலில் 280 நிற்கிறது" என்று குறைப்படுபவர்களுக்கு இந்த விளக்கத்தை யாரும் கொடுத்திருப்பதில்லை.

ஐசோபேன் 1946 இல் டென்மார்க்கில், ஹாகெடோர்ன் என்பவரின் ஆய்வுகூடத்தில் உருவானது. என்.பி.எச். என்பதில் வரும் எச். அவருடைய பெயரைக் குறிக்கிறது. மீனிலிருந்து பெறும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது தோலுக்கடியில் மெதுவாகக் கரையும். போட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி, நான்கு முதல் பத்து மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். அந்த உச்சம்தான் கவனிக்க வேண்டியது. இரவு எட்டு மணிக்குப் போட்டால், உச்சம் நடுச்சாமம் முதல் விடிய ஆறு மணிக்குள் விழும். வீட்டில் மனைவி மக்களோடு தூங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வியர்த்துக் கொட்டினால் யாராவது எழுப்புவார்கள். யானைக்குக் காவலாக வயல் குடிலில் தனியே படுத்திருப்பவரை யார் எழுப்புவது? விடிய இரண்டு மணிக்குத் தோணியைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும் தொழிலாளியின் நிலையும் இதுதான்.

2000 ஆம் ஆண்டு பாவனைக்கு வந்த கிளார்ஜின் என்ற ஊசியில் இப்படியான பெரிய உச்சம் இல்லை. போத்தலுக்குள் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் நுண்ணிய படிகங்களாக உறைந்து, அங்கிருந்து ஏறக்குறைய 24 மணித்தியாலம் ஒரே சீராகக் கசியும். லான்டஸ் என்ற பெயரில் பலர் அறிந்தது இதுதான். இந்தியாவின் பெங்களூர் நிறுவனமான பயோகொன் தயாரிக்கும் பாசலொக் போன்ற இணை மருந்துகளும் உண்டு. அதன் பின்னர் வந்த டெட்டெமிர் பலருக்கு 24 மணித்தியாலம் முழுவதும் தாங்காது, இரு வேளை தேவைப்படும். டெக்ளுடெக், அதாவது டிரெசிபா, 42 மணித்தியாலத்துக்கும் மேல் உடலில் நிற்கும். அதனால் ஒரு நாள் நேரம் தவறினாலும் சமாளிக்கலாம், ஆனால் இரண்டு ஊசிகளுக்கிடையில் குறைந்தது எட்டு மணித்தியால இடைவெளி வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் இந்த நீண்டநேர ஊசிகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது 2021 இல்தான்.

அப்படியானால் எல்லோரும் மாறிவிடலாமா? என் அபிப்பிராயம், இல்லை.

2003 இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 756 பேரில் ஒரு பகுதியினருக்குக் கிளார்ஜினும் மற்றவர்களுக்கு ஐசோபேனும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி சீனி, அதாவது எச்.பி.ஏ.1.சி., இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, 7 வீதமளவுக்கு இறங்கியது. வித்தியாசம் இரவில் சீனி குறைவதில்தான் தெரிந்தது. கிளார்ஜின் போட்டவர்களுக்கு அது குறைவு. பின்னர் 2018 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், வட கலிபோர்னியாவில் புதிதாக ஊசி தொடங்கிய 25,489 பேரின் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. சீனி குறைந்து அவசர சிகிச்சைக்கோ வைத்தியசாலைக்கோ கொண்டுவரப்படும் நிலை, புதிய ஊசி போட்டவர்களிடம் குறைவாக இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்கு விளங்குவது இதுதான்: புதிய ஊசி சீனியை அதிகமாகக் குறைக்கும் ஊசியல்ல. இரவில் அடிக்கடி குறைகிறவருக்கு அது உதவும். இரவில் எந்தப் பிரச்சினையும் இல்லாதவருக்கு, பெரும்பாலும், பொக்கட்டில்தான் வித்தியாசம் தெரியும்.

பொக்கட் பற்றிச் சொன்னதால் ஒரு கணக்கு. ஒருவருக்கு நாளுக்கு 20 யூனிட் என்று வைப்போம். பேனை ஊசியொன்றில் 300 யூனிட் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஊசிமுனையைச் சரிபார்க்க 2 யூனிட் வெளியே விட வேண்டும். ஆக நாளுக்கு 22. ஒரு பேனை 13 நாளுக்குத்தான். மாதத்துக்கு இரண்டு போதாது, மூன்றாவதையும் உடைக்க வேண்டி வரும். 10 மில்லிலீட்டர் போத்தலில் 1000 யூனிட் இருக்கிறதே, 50 நாள் போகுமே என்று நினைப்போம். கிளார்ஜின் போத்தலைத் திறந்தால் 28 நாளில் எறிய வேண்டும். 560 யூனிட் பாவித்து 440 யூனிட்டைக் கொட்டுவோம். ஊசிமுனைகளின் செலவு வேறு. இந்தக் கணக்கைப் பாமசிக்காரரிடம் போட்டுப் பார்த்துவிட்டு, வருடம் பன்னிரண்டு மாதமும் தாங்குமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

ஏனென்றால் நான் கண்டதில் மோசமானது பழைய ஊசியல்ல. காசு வந்த மாதம் முழு அளவும், வராத மாதம் பாதி அளவும் போட்டுக்கொள்வதுதான். 2022 பொருளாதார நெருக்கடியின்போது, மருந்துக்கு வெளியே துண்டு எழுதிக் கொடுத்த காலத்தில், இதை நிறையவே கண்டோம். முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளை இப்படி ஊசியை விட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. அந்தப் பிள்ளைகளுக்கு நீண்டநேர ஊசியோடு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் குறுகியநேர ஊசியும் கட்டாயம். செலவழிக்கக் கையில் காசிருந்தால் முதலில் அவர்களுக்குச் செலவழியுங்கள் என்பேன்.

அடுத்தது வெளியிலிருந்து வரும் ஊசி. நம் வீடுகளில் சவூதியிலும் கட்டாரிலும் ஆள் இருக்கிறது. சென்னைக்கு மருத்துவத்துக்குப் போய் வருபவர்களும் உண்டு. பரிசாக வரும் ஊசிப் பெட்டியில் செறிவைப் பாருங்கள். இலங்கையில் நாம் பழகியது ஒரு மில்லிலீட்டருக்கு 100 யூனிட். இந்தியாவில் 40 யூனிட் போத்தல்கள் இன்னும் விற்பனையில் உள்ளன. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 யூனிட் சிரிஞ்சின் மூடி செம்மஞ்சள். 40 யூனிட் சிரிஞ்சில் நம் கிளினிக் மருந்தை இழுத்தால், 20 என்று நினைத்துப் போடுவது 50 ஆகிவிடும். கல்ஃபிலிருந்து வரும் டூஜியோ பேனையிலும் கிளார்ஜின்தான் இருக்கிறது, ஆனால் மூன்று மடங்கு செறிவு, மில்லிலீட்டருக்கு 300 யூனிட். டிரெசிபாவில் 200 யூனிட் பேனையும் உண்டு. பேனை தானே கணக்குப் பார்த்துக் கொடுக்கும் என்பதால் பேனையால் போடும்வரை பயமில்லை. ஊசிமுனை தீர்ந்துபோனதென்று பேனைக்குள் சிரிஞ்சைக் குத்தி மருந்தை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மாறுவதென்றால் அளவையும் அப்படியே கொண்டுபோக முடியாது. நாளுக்கு இரு வேளை ஐசோபேன் போட்டவர் ஒரு வேளை கிளார்ஜினுக்கு மாறும்போது, வழமையாக மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் வைத்தியர் தொடங்குவார். கலவை ஊசியிலிருந்து மாறுபவருக்கு இன்னொரு கேள்வியும் வரும்: சாப்பாட்டுக்கான அந்த 30 வீதத்துக்குப் பதிலாக என்ன கொடுப்பது? அதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். கிளார்ஜினை வேறெந்த ஊசியோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது.

நோன்பு பற்றி அதிகம் பேர் கேட்பார்கள். முதலில் மார்க்க விஷயம். இன்சுலின் ஊசியோ, விரலில் குத்திச் சீனி பார்ப்பதோ நோன்பை முறிக்காது. ஊட்டச்சத்துக்காக ஏற்றுபவை தவிர்ந்த ஊசிகள் நோன்பை முறிக்காது என 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்திருக்கிறது. மேலதிக ஐயமிருந்தால் உங்கள் ஊர் மௌலவியிடம் கேளுங்கள். ஊசியில் பன்றி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் இன்சுலின் பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1982 இல் மரபணு முறையில் தயாரித்த மனித இன்சுலின் பாவனைக்கு வந்தது. இன்று கிளினிக்கில் தரும் மனித இன்சுலினும், கிளார்ஜின், டெக்ளுடெக் போன்றவையும் நொதியம் அல்லது பக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படுபவை.

மருத்துவ விஷயம் இன்னும் நுணுக்கமானது. நம் நாட்டில் நோன்பு நேரம் 13 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. இரு வேளை ஐசோபேன் போடுபவர் பழைய நேரத்திலேயே போட்டுக்கொண்டு நோன்பு பிடித்தால், காலை ஊசியின் உச்சம் வெறும் வயிற்றில் விழும். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டலில் உள்ள முறை, காலை அளவை இஃப்தாருக்கு மாற்றி, இரவு அளவில் பாதியைச் சஹருக்குப் போடுவது. கணக்குப் பாருங்கள்: மாலை ஆறேகாலுக்குப் போட்டால் உச்சம் இரவு பத்தேகால் முதல் சஹர் வரை, சாப்பாடு கிடைக்கும் நேரம். சஹரில் நாலரைக்குப் போடுவதன் உச்சம் காலை எட்டரைக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் இடையில், நோன்பின் நடுவே. அதனால்தான் அது பாதி. ஒரு வேளை கிளார்ஜின் போடுபவர் அதை இஃப்தாருக்கு வைத்து, 15 முதல் 30 வீதம் குறைக்கலாம் என்கிறது அதே வழிகாட்டல். கலவை ஊசிக்கு, காலை அளவு இஃப்தாரில், இரவு அளவில் கால்வாசி முதல் பாதி வரை குறைத்துச் சஹரில். டெக்ளுடெக் போடுபவருக்கு அளவைக் குறைத்தாலும் அதன் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும் என்பதால், தலைப்பிறை கண்ட இரவில் மாற்றுவது பிந்திய வேலை.

இவை வைத்தியரோடு பேசுவதற்கான எண்கள். உங்களுக்கு எவ்வளவு குறைப்பது என்பது உங்கள் அளவீடுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே பேசச் சொல்கிறார்கள். நமது கணக்கில் ரஜப் மாதத்துக் கிளினிக். நோன்பில் சீனி 70க்குக் கீழே போனால், அல்லது 300க்கு மேலே ஏறினால், நேரம் பார்க்காமல் நோன்பை விட்டுவிட வேண்டும். அஸர் தாண்டிவிட்டதே, இன்னும் இரண்டு மணித்தியாலம்தானே என்று பொறுத்திருந்து மயங்கியவர்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த காட்சிகள் எனக்கு மறக்கவில்லை. அண்மைய மூன்று மாதத்துக்குள் கடுமையாகச் சீனி குறைந்தவர், குறைவது உடம்புக்குத் தெரியாமல் போனவர், இன்சுலின் போடும் கர்ப்பிணி, டயலிசிஸ் செய்பவர் ஆகியோர் நோன்பு பிடிக்க வேண்டாம் என்பதே மருத்துவ ஆலோசனை. நோயாளிக்கு அல்குர்ஆன் தந்திருக்கும் சலுகையை வாங்கிக்கொள்ள ஏன் வெட்கப்படுகிறோம் என்று எனக்கு விளங்குவதில்லை.

வன்னி வெயிலையும் சொல்ல வேண்டும். திறக்காத ஊசிக்கு ஃபிரிட்ஜின் நடுத்தட்டு, 2 முதல் 8 பாகை. உறையும் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், ஒருமுறை உறைந்த இன்சுலின் வீண். பாவனையில் உள்ளதை வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மண்பானைக்குள் மண்பானை வைத்து, இடையில் ஈரமணல் போட்டு, அதற்குள் வைப்பது பழைய முறை, நல்ல முறை. கென்யாவின் தகஹாலி அகதி முகாமில் எடுத்த வெப்ப அளவுகளை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 பாகைக்கிடையில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் வலுவிழக்கவில்லை என்று கண்டார்கள். ஆகவே ஃபிரிட்ஜ் இல்லையென்று ஊசியை மறுக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் வாகனத்திலும் மட்டும் வைக்காதீர்கள்.

1990 இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஒரு காலும் வன்னியில் ஒரு காலுமாக இன்னும் வாழும் குடும்பங்களுக்கு ஒரு சொல். புத்தளத்திலிருந்து அனுராதபுரம், வவுனியா, மாங்குளம் வழியாக முல்லைத்தீவு வரும் பயணம் பாதி நாளை விழுங்கிவிடும். கிளினிக் கொப்பி ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலுமாக இருந்தால், அங்கே ஒரு வைத்தியர் ஐசோபேன் எழுத, இங்கே இன்னொருவர் கலவையை எழுதி, இரண்டையும் சேர்த்துப் போடும் கூத்து நடக்கும். நடந்திருக்கிறது. ஒரே கொப்பி, அது எப்போதும் ஆளோடு. பஸ்ஸில் ஊசி கைப்பையில் இருக்கட்டும், பின்னால் போடும் மூட்டைக்குள் வேண்டாம்.

இன்னொன்று, ஊசியை மாற்றும் முன் குத்தும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி போலத் தடித்திருந்தால், அங்கே போடும் மருந்து ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. வெள்ளை ஊசியென்றால் போத்தலை உள்ளங்கைகளுக்கிடையே பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை சாய்த்து, அடியில் படிந்தது முழுக்கக் கலந்த பிறகே இழுக்க வேண்டும். "இந்த ஊசி கேட்கவில்லை" என்று வருபவர்களில் கணிசமானோருக்கு இந்த இரண்டிலேயே விடை இருந்தது.

நானாவிடம், மகனின் காசைக் கொஞ்சம் வைத்திருங்கள் என்றேன். மூன்று நாள் இரவு மூன்று மணிக்கு எழும்பி அளந்து, விடிய அளந்ததோடு சேர்த்து எழுதச் சொன்னேன். காலை 210 என்று பார்த்துவிட்டு அளவைக் கூட்டுவது நம் பழக்கம். இரவில் குறைந்து, அதன் பின் ஏறியதா என்று பார்ப்பதில்லை. 70க்குக் கீழே கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணித்தியாலத்தில் மறுபடி பார்க்கவும் சொல்லிக் கொடுத்தேன்.

முதல் இரவே 62. வயல் குடிலிலிருந்துதான் கோல் எடுத்தார், சீனித்தண்ணீர் குடித்துவிட்டு. இரண்டாம் இரவு 71, மூன்றாம் இரவு 58. நித்திரையில் வியர்ப்பது புழுக்கத்தால் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம். வருகிற புதன்கிழமை அவருக்குக் கிளினிக். அந்த மூன்று எண்களும், காலைச் சாப்பாடு பத்து மணிக்கு என்பதும், இரவில் தனியே காவலுக்குப் போவதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கிளார்ஜினா, ஐசோபேனா, அல்லது இரவு அளவைக் குறைத்தாலே போதுமா என்பதை வைத்தியர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.